சனிக்கிழமைக்கு வைத்தது

சட்டையின் வலது கையை மேசைமேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு போன பெரியவளுக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து கை நின்றது. சின்ன வயதில், சனிக்கிழமை சாயங்காலங்களில், அப்பாவின் சட்டையில் இந்த ஒரு கை மட்டும் முழங்கை வரை நனைந்திருக்கும். அம்மாவுக்கு இடது கை. இருவரும் வெளியே போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளும் தம்பியும் ஓடிப்போய் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"எங்கப்பா மழை?"

"மழை இல்ல. அருவிக்குப் போயிருந்தோம்."

இந்த ஊரில் மலையே கிடையாது. அப்பாவின் விளையாட்டுப் பேச்சுகளில் அதுவும் ஒன்று என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

சூடான துணியின் வாசனை வந்ததும் பெட்டியைச் சட்டென்று தூக்கினாள். கருகவில்லை.

கூடத்தில், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். வியாழக்கிழமை விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவள் சமையலறைச் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஓடி வந்தபோது தம்ளர் நிமிர்ந்த வாக்கில் பக்கத்தில் இருந்ததாம். விழுந்த மாதிரியே இல்லை, கீழே வைத்த மாதிரி இருந்தது என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் ஒரு வார்த்தையைத் தாண்டவில்லை. "சரி." "வேண்டாம்." "வரட்டும்." தூரத்து ஊரில் வேலை பார்க்கும் தம்பிக்காகக் காத்திருந்தார்கள். இன்று விடிந்ததும் அவனும் வந்துவிட்டான். மதியத்துக்கு மேல் நாலு மணிக்கு வண்டி வரும்.

அப்பா பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலைக் காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பெட்டியின் மோட்டார் ஓடி நிற்பதையும் மறுபடி ஓடுவதையும் தலையைச் சாய்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவர் தோளைத் தொட்டார்கள், கையைப் பிடித்தார்கள். அவர் அழவில்லை. வாயைத் திறந்தால் எதுவோ கொட்டிவிடும் என்பது போல உதடுகளை ஒட்டி வைத்திருந்தார்.

"அப்பா, சட்டை ரெடி."

"குடு."

வாங்கிப் போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் வரை போட்டார். குளியலறைப் பக்கம் போகிறார் என்று நினைத்தாள். சிறிது நேரம் கழித்துத் தம்பி வந்து காதோரம் கேட்டான்.

"அக்கா, அப்பா எங்க?"

வாசலில் அவருடைய செருப்பு இல்லை. போன், பெட்டியின் தலைமாட்டில் அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இந்த நேரத்துல எங்க போவாரு? நேத்திலிருந்து ஒண்ணும் சாப்பிடல. வழியில விழுந்து வச்சா?" தம்பியின் குரல் ஏறியது. உடனே அவனே தாழ்த்திக்கொண்டான். இந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது தானாக வரும்.

சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த சித்தி, அம்மாவின் தங்கை, தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி."

"அப்ப தண்ணிக்குப் போயிருப்பாரு."

"என்ன தண்ணி?"

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்கள் அழுது வீங்கியிருந்தாலும் அந்தப் பார்வையில் பழைய குறும்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஏண்டி, உங்கம்மாவும் அப்பாவும் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட சண்டை போட்டதில்லன்னு நெசமாவே நம்பிக்கிட்டிருக்கியா?"

"போட்டதில்லையே சித்தி. நாங்க பாத்ததே இல்ல."

"பாக்கக் கூடாதுன்னுதானே அவ்வளவு தூரம் போய்ப் போட்டாங்க. ரெண்டு பேரும் தெய்வப் பிறவியா? உங்கம்மா வாய் எனக்குத் தெரியாதா?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"எங்க வீட்ல நாங்க சத்தத்துலயே வளந்தோம். கதவு சாத்துற சத்தத்த வச்சே அன்னிக்கு யாருக்கு அடின்னு சொல்லிடுவோம். உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே உங்கப்பாகிட்ட சொல்லிட்டா, வீட்டுக்குள்ள குரல் ஒசரக் கூடாது, ஒசந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்னு. அவரு என்ன பண்ணுவாரு பாவம். கோவம் வராத மனுஷனா? டவுனுக்குள்ள எங்கயோ சின்னப் பார்க்கு, அதுல தண்ணி விழுதாம். பக்கத்துல இருக்கிறவன் பேசினாக்கூடக் கேக்காதாம். அங்க போயி கத்திக்குவாங்க. வாரம் பூரா வர்ற சண்டையையெல்லாம் சனிக்கிழமைக்கு வச்சிடுவாங்க."

தம்பி சிரிக்கத் தொடங்கி, பாதியில் கூடத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

 சித்தி அவளை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் பண்ணினா. படி ஏறினா மூச்சு வாங்குதாம். டாக்டர்கிட்டப் போகலாம் வான்னு அவரு பிடிவாதமா நிக்கிறாராம். இவளுக்கு ஃப்ரேம் கடைய விட்டு வர முடியாதாம், படத்துக்குக் கண்ணாடி போட்டுத் தர்றேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டாளாம். குரல் ஏறுச்சாம் அவருக்கு. 'சனிக்கிழமைக்கு வைங்க'ன்னாளாம். அவ்வளவுதான், வாய மூடிக்கிட்டாராம். எங்கிட்ட சொல்லிச் சிரிக்கிறா. சனிக்கிழமை நல்லாக் கத்தட்டும்டி, திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போயிக்கறேன்னு."

குளிர்பெட்டியின் மோட்டார் நின்றது. வீடு முழுக்க அந்த நிற்றல் கேட்டது.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் பெரியவள்.

"எந்தப் பார்க்குன்னு தெரியுமா?"

"பாத்திருக்கேன்னு நினைக்கிறேன். மேல இருந்து."

டாக்சியில் போகும்போது அதைத் துருவித் துருவி யோசித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் அப்பா அவளை வேலைக்குக் கூட்டிப்போனார். கடைவீதியின் நடுவில் இருந்த உயரமான கட்டடம். மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் அறை. கம்பிக் கயிறுகளின் கிரீஸ் வாசனை, பெரிய சக்கரம் சுழன்று பிரேக் பிடிக்கும்போது தரையில் வரும் அதிர்வு. பயந்துபோன அவளை வெளியே கொண்டுவந்து, கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தி, கீழே காட்டினார். கட்டடங்கள், கட்டடங்கள், அவற்றின் முதுகுகள். நடுவில் அங்கங்கே கைக்குட்டை விழுந்து கிடப்பது போலப் பச்சை.

"பார்க்குதான். வேலைக்கு ஏறி ஏறித்தான் கண்டுபிடிச்சேன். கீழ நடக்கிறவனுக்குத் தெரியாது, கட்டடம் மறைச்சிடும்."

"எப்படிப்பா உள்ள போறது?"

"வழி இருக்கும். வழி இல்லாமலா தண்ணி விடுவான்? அம்மாவும் நானும் ஒவ்வொண்ணாப் போய்ப் பாத்தோம்."

அதையும் அருவிக் கதையில் சேர்த்து மறந்திருந்தாள். கதையை நிஜமாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டவர்கள்தான் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தப் பச்சைகளில் ஒன்று வங்கிக்குப் பின்னால் இருந்ததாக ஞாபகம். டாக்சியை வங்கிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். சனிக்கிழமைக் கூட்டம் நடைபாதையை நிறைத்து வழிந்தது. வங்கிக்கும் துணிக்கடைக்கும் நடுவே ஒரு சந்து. ஏசி இயந்திரங்கள் வரிசையாகச் சூட்டை ஊதிக்கொண்டிருந்த அந்தச் சந்தில் யாரும் காரணமில்லாமல் நுழைய மாட்டார்கள். நுழைந்தாள். திரும்பியதும் நாலு படி. படிக்குக் கீழே மூன்று மரங்கள், பெஞ்சுகள், எதிரே ஒரு கண்ணாடிச் சுவர். அதன்மேல் தண்ணீர் மெல்லிய தாளாக வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இதைப் பார்த்ததில்லை என்று நினைத்தபடி நின்றுவிட்டாள்.

அப்பா இல்லை. ஒரு பெஞ்சில் டை கட்டிய இளைஞன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "இல்ல சார், திங்கக்கிழமை கண்டிப்பா அனுப்பிடறேன் சார்." ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இங்கே சண்டை போட முடியாது. இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து பார்த்து, அம்மா உதட்டைப் பிதுக்கி, 'இதுல கத்தினா ஊரே கேக்கும், எந்திரிங்க' என்று சொல்லியிருப்பாள். அந்தக் குரல் அவ்வளவு துல்லியமாகக் காதில் விழுந்ததில் வியாழக்கிழமையிலிருந்து வராத கண்ணீர் வரப்பார்த்தது. இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். படியேறிவிட்டாள்.

மாடியிலிருந்து பார்த்த பச்சைகளில் ஒன்றில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. அது என்ன என்று அன்று கேட்டாள். நுரை என்றார் அப்பா. அவ்வளவு உயரத்துக்கும் நுரை தெரிகிறதென்றால் தண்ணீர் ஓங்கி விழ வேண்டும். அது பழைய அச்சகத்தின் பின்பக்கம்.

அச்சகம் இப்போது கார் நிறுத்துமிடமாகியிருந்தது. சுற்றி வந்தாள். இரண்டு முறை ஒரு கதவைக் கவனிக்காமல் தாண்டிப் போனாள். ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய இரும்புக் கதவு, மின்சாரப் பெட்டிக்குப் போகிற வழி போல இருந்தது. தள்ளினாள். திறந்தது.

உள்ளே பேச்சற்ற குளிர்ச்சி. மூன்று பக்கமும் ஜன்னலில்லாத கட்டட முதுகுகள். நாலாவது பக்கம், இரண்டு மாடி உயரத்துக்கு அடுக்கிய கருங்கல் சுவர். அது காய்ந்து கிடந்தது. பாசி படிந்த கற்களுக்கு நடுவில் ஈரக் கோடுகள் மட்டும். கீழே தொட்டி காலியாக இருந்தது. ஒரு பெண் ரப்பர் பூட்ஸோடு அதற்குள் நின்று நீண்ட துடைப்பத்தால் சருகுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

தொட்டிக்கு எதிர்ப் பெஞ்சில், வலது ஓரமாக, அப்பா உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்.

அவரிடம் போவதற்குள் அந்தப் பெண் தொட்டியை விட்டு ஏறி வழியில் நின்றாள். "அய்யாவுக்கு சொந்தமா?"

"மக."

"ரொம்ப நேரமா ஒக்காந்திருக்காரு. எந்தச் சனிக்கிழமையும் சாயந்தரந்தான் வருவாங்க. காலைல நாங்க தண்ணிய எறக்கித் தொட்டி கழுவுவோம், தெரியாம வந்துட்டாரு போல. எப்பம்மா தண்ணி விடுவீங்கன்னு கேட்டாக்கூடச் சொல்லலாம். ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறாரு." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா வரலியா? ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையா?"

பெரியவள் சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை.

அந்தப் பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். அது வழுக்கி விழப்போக, மறுபடி நேராக வைத்தாள்.

"போன சனிக்கிழமைகூட வந்தாங்களே" என்றாள். "நான் கிட்ட போனதே இல்லம்மா. சண்டைக்காரங்கன்னுதான் பேரு வச்சிருந்தோம் அவங்களுக்கு. கைய ஆட்டி ஆட்டிப் பேசுவாங்க. ஒருத்தர் பேசுறப்ப இன்னொருத்தர் வாய் தெறக்க மாட்டாங்க, அது ஒண்ணு. பேசி முடிச்சவங்க எந்திரிச்சுப் போயி விழுற தண்ணிக்குள்ள கைய விட்டுட்டு வருவாங்க. அய்யா வலது கை. அம்மாவுக்கு எல்லாமே இடது கைதானே. அப்புறம் அடுத்தவங்க. ரெண்டு பேரு கையும் நனஞ்சாத்தான் கெளம்புவாங்க. போறப்ப பாத்தா இப்பதான் கல்யாணம் ஆன மாதிரி போவாங்க."

"தண்ணி விட எவ்வளவு நேரமாகும்?"

"தொட்டி ரொம்பணும். ரொம்பினாத்தான் மோட்டார் இழுக்கும். இன்னும் கழுவி முடிக்கல..." அவள் தொட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "கெடக்குது, திங்கக்கிழமை கழுவிக்கலாம். போயி ஒக்காருங்க."

பெஞ்சின் இடது பக்கம் விட்டிருந்த இடத்தில் உட்காரத் தோன்றவில்லை. பெரியவள் பக்கத்திலிருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை.

"சித்தி சொன்னாங்க" என்றாள்.

தலையசைத்தார்.

குழாய் திறக்கும் சத்தம். தொட்டியின் அடியில் தண்ணீர் பரவத் தொடங்கியது. ஒதுக்கி வைத்திருந்த சருகுகள் மெல்ல மிதந்து எழுந்தன. கட்டடங்களுக்கு அப்பால் வண்டிகளின் ஹாரன்கள், எங்கோ அடுத்த ஊரில் அடிப்பது போலக் கேட்டன. மடியில் போன் அதிர்ந்தது. தம்பி. எடுத்து, "இருக்காருடா. வந்துடுவோம்" என்று சொல்லி வைத்தாள். மணி பார்க்கவில்லை.

அப்பாவின் வாய் ஒருமுறை திறந்து மூடியது.

"அப்பா, எங்கிட்ட சொல்லுங்களேன்."

"உங்கிட்ட சொல்றதுக்கில்ல."

 தண்ணீர் முதல் கல்வரிசையைத் தொட்டது. அதைத் தாண்டியது.

"நீ இந்தப் பக்கம் வந்ததே இல்லல்ல?" என்றார் திடீரென்று. தம்ளரைப் பற்றிச் சொன்னதற்குப் பிறகு அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"வங்கிக்குப் பின்னால இருக்கறதுக்குப் போயிட்டு வந்தேன்."

"அது சரிப்படாது." தொண்டையைச் செருமினார். "குழாய் ஒழுகுற சத்தம் வரும். உங்கம்மா அதுக்கு, மூக்கு சிந்துற அருவின்னு பேரு வச்சா."

அவள் சிரித்துவிட்டாள். அப்பாவின் முகத்திலும் ஏதோ அசைந்தது. ஆனால் அது சிரிப்பு வரை வராமல் பாதியில் வேறு ஏதோவாக மாறப்போனது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவ்வளவு நிசப்தத்தில் அதை வெளியே விட அவருக்குத் தெரியாது. அவள் எழுந்து போய்க் கதவோரம் நின்றாள்.

மோட்டார் இழுக்கும் முனகல் முதலில் வந்தது. சுவரின் உச்சியில் காற்றும் தண்ணீருமாக ஏதோ துப்பியது. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு மொத்தமும் இடிந்து விழுந்தது.

சத்தம் என்று சொல்ல முடியாது. மற்ற எல்லாச் சத்தங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது அது. துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பெண் ஏதோ சொன்னாள். உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. சாரல் கதவு வரை வந்து முகத்தில் படிந்தது.

அப்பா எழுந்து நின்றிருந்தார். பெஞ்சின் இடது பக்கத்தைப் பார்த்து நின்றார்.

அவர் தோள்கள் முதலில் அசைந்தன. பிறகு கை உயர்ந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, நீட்டி, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே குத்தினார். கழுத்து நரம்புகள் புடைத்ததை அவளால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. அந்த முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் முகம் போலவும், தன்னுடைய முகம் போலவும் இருந்தது. வாசல் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார். மார்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் கேட்டார். அவ்வளவு பெரிய வாயைத் திறந்து அவர் கத்தியதில் ஒரு துளிகூட இந்தப் பக்கம் வரவில்லை.

பார்த்துக்கொண்டிருப்பது தப்பு என்று தோன்றியது. திரும்பிக்கொண்டாள். இரும்புக் கதவின் துருவில் சாரல் நீர் மணிமணியாகச் சேர்ந்து வழிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி திரும்பியபோது அவர் தண்ணீருக்கு அருகிலிருந்து பெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தார். உட்கார்ந்தார். இப்போது வாய் மூடியிருந்தது. முழங்கால்களில் கைகளை வைத்து, தலையை இடது பக்கமாகச் சாய்த்து, அசையாமல் இருந்தார். காலையில் குளிர்பெட்டியின் மோட்டாரைக் கேட்ட அதே சாய்வு. நடுவில் ஒருமுறை மறுத்துச் சொல்ல வருவது போல நிமிர்ந்தார். பிறகு சொல்லாமல் தணிந்தார். அவருடைய நேரம் முடிந்துவிட்டது அல்லவா?

அவர் அப்படி உட்கார்ந்திருந்தது, பேசியதைவிட நீளமாக இருந்தது.

போன் அதிர்ந்தது. சத்தத்தில் கேட்காது என்பதால் எடுக்கவில்லை. அவள் கதவைத் தாண்டி வெளியே போய், கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபடி அப்பாவுக்காகக் காத்திருந்தாள். தண்ணீரின் இரைச்சல் கதவு வரைக்கும்தான். ஓரடி தள்ளி நின்றால் ஊரின் சத்தம்.

கதவு திறந்தது. "போலாம்" என்றார் அப்பா. குரல் கம்மி, பாதிதான் வந்தது.

டாக்சியில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது பக்கம் போகிற கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். காலையில் அவள் இஸ்திரி போட்ட வலது கைத் துணி முழங்கை வரை நனைந்து, தோலோடு ஒட்டியிருந்தது.  பழைய லிஃப்ட் கட்டடத்தைத் தாண்டும்போது மட்டும் அவர் தலையைக் குனிந்து அதன் உச்சி தெரிகிறதா என்று பார்த்தார்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. தம்பி படியிறங்கி ஓடிவந்தான்.

"எங்கப்பா போனீங்க? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. என்னது, சட்டையெல்லாம் ஈரம்?"

"அருவிக்குடா" என்றார் அப்பா.

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு அவருக்கு வழிவிட்டான்.

கூடத்தில் கூட்டம் விலகியது. யாரோ மோட்டாரை நிறுத்தி, ஒயரைச் சுருட்டிவிட்டார்கள். அப்பா பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். நாற்காலியில் உட்காரவில்லை. குனிந்து, கண்ணாடி மூடியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

சித்தி உலர்ந்த சட்டையோடு உள்ளிருந்து வந்தாள். கிட்டே வந்ததும் நின்றாள். அவள் பார்வை அவருடைய வலது கையிலிருந்து இடது கைக்குப் போனது. அங்கிருந்து பெரியவளிடம் வந்தது. பிறகு அந்தச் சட்டையை மடித்து, சத்தமில்லாமல் நாற்காலியின் முதுகில் போட்டாள்.

இடது கையும் முழங்கை வரை நனைந்திருந்தது.

வண்டிக்காரர்கள் வந்து கேட்டபோது அவர் கைகளை எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் இரண்டு கைகளின் ஈரம் ஒட்டியிருந்தது. தம்பி துடைக்கத் துணியை எடுத்தான். பெரியவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.